தாளிக்காத நான்கு நாட்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று தையல் யூனிட்டிலிருந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு, "கொஞ்சம் நல்லவிதமா, உற்சாகமா இருக்கட்டும்மா" என்றும் சொன்னார்கள். எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. குழந்தைத் துணி தைக்கிறவள் வாயில் எப்போதும் தேன் ஒழுக வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மரக்காணத்து உப்புக்காற்றில் மூன்று மெஷினையும் கட்டி மேய்த்தவள் நான். சிரித்துக்கொண்டே செய்ததாக ஞாபகம் இல்லை.

காலர் எப்படி வைப்பது, சுருக்கு எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கை செய்கிற தப்பைப் பிரித்துத் தைத்துவிடலாம். நான் எழுதப்போவது புத்தி செய்த தப்பு.

முதலில் சின்னது ஒன்று. 2004 தீபாவளிக்கு முதல்முறையாகப் பாண்டிச்சேரியிலிருந்து மொத்தமாக ஹூக் வாங்கி வந்து, வெள்ளை ஃபிராக்குகளுக்கு முதுகில் வைத்துத் தைத்தேன். வாங்கிய ஹூக் ஒரு மாதம் என் வீட்டு முன்னறையில், மழைக்காலத்தில், மூடாத டப்பாவில் கிடந்தது. துணி விற்றுப் போன அதே வாரத்தில் ஒரு அம்மா பிள்ளையோடு வந்து நின்றார். "இன்னாக்கா, எம் பொண்ணு முதுவுல துருவ வச்சுத் தச்சிருக்கீங்க" என்று திருப்பிக் காட்டினார். வரிசையாகப் பழுப்புக் கறை. நான் உடனே ஹூக் விற்ற கடைக்காரனைத் திட்டினேன். உப்பளத்துக்கு அரை மைலில் வீட்டை வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பி வருடா வருடம் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு, பழியைப் பாண்டிச்சேரிக்காரன் தலையில் போட்டேன். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பட்டனுக்கு மாறிவிட்டேன். அடுத்தவர் தலையில் பழி போடுகிற புத்தி மட்டும் மாறவில்லை. அது பின்னால் வருகிறது.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. குப்பத்துக்காரர்கள் உடுத்திய துணியோடு மேட்டுக்கு ஓடி வந்தார்கள். இரண்டாம் நாளிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நிறுத்திக் கொடுக்கக்கூட ஆளில்லை. ஓடுகிற லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பிரித்தால் குளிர் ஊரில் போடுகிற கம்பளிச் சட்டை, பட்டன் இல்லாத கால்சட்டை, யாரோ போட்டுக் கழற்றிய உள்ளாடை. சாப்பாட்டு வரிசையில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, ஜிப் போன ஃபிராக்கைப் பின்னால் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மட்டும் நீட்டி நின்றாள். வீட்டை இழந்தவர்களுக்கு மானம் மட்டும் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. அந்த வயிற்றெரிச்சலில், தீபாவளிக்கு வாங்கி மிஞ்சியிருந்த துணியில் ஒரே வாரத்தில் நாற்பது ஃபிராக் தைத்தோம். இதைத் தருமம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கோபத்தில் தைத்தது.

தைத்தோம் என்று சொன்னேன். நானும் ராணியும் கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும். அவர்கள் நான்கு பேரும் உப்பளத்து வேலைக்காரர்கள். மழையில் அளம் மூடிக் கிடந்தபோது என்னிடம் வந்தவர்கள். தை பிறந்து அளம் திறந்ததும், விடியும் முன்னே போய் உப்பு வாரிவிட்டு, பத்து மணிக்கு மேல் குளித்துச் சாப்பிட்டு என் வீட்டுக்கு வருவார்கள். கன்னியம்மா நான்கு பிள்ளைகளைப் பெற்றவள், என் வயது, கத்தரிக்கோல் அவள் பொறுப்பு. ராணிக்கு இருபத்திரண்டு வயது, கைக்குழந்தைக்காரி. அவள் மட்டும் அளத்துக்குப் போகாமல் முழு நாளும் என்னிடமே இருந்தாள். அவள் குழந்தைக்காக முன்னறை உத்திரத்தில் தூளி கட்டியிருந்தோம். பிள்ளைக்காரி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற இடம் என்று அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். ராணி வைக்கிற காலர் போல ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு முனையும் அளந்து வைத்தது போல உட்காரும், அவளோ டேப்பைத் தொடவே மாட்டாள்.

அந்த நாற்பதில் ஒரு ஃபிராக்கைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை, பக்கத்து ஊர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேரப் போயிருக்கிறது. தாளாளர் காலரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் தைத்தது என்று விசாரித்து, நேராக என் வீட்டுக்கு வந்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போது சின்ன வகுப்புகளுக்கு நூற்று அறுபது செட் யூனிஃபார்ம். 2005 ஏப்ரலில் ஆர்டர் கையில் வந்தது. நேரத்துக்குக் கொடுத்தால் என் முன்னறை ஒரு யூனிட். தவறினால் வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில் ஜாக்கெட் தைக்கிற பொம்பளையாக நான் திரும்பவும் உட்கார வேண்டும், அந்த நான்கு பேரும் வெயில் முழுக்க அளத்தில் நிற்க வேண்டும். எனக்கு அது உயிர்போகிற விஷயமாகத்தான் இருந்தது.

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் சின்னவனுக்கு உடம்பு கொதித்தது. நான்கு வயது. சட்டையைக் கழற்றினால் மார்பிலும் முதுகிலும் முத்து முத்தாகக் கொப்புளம். அம்மை.

என் வீட்டுக்காரர் உப்பு லாரிக்கு லோடு ஏற்றும் மேஸ்திரி. போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினார். "அம்மா வார்த்திருக்குது. மெஷின நிறுத்து. ஊசி ஓடுற சத்தம் ஆத்தாவுக்கு ஆவாது" என்றார்.

"ஆர்டர யார் முடிப்பா?" என்றேன்.

"அத நீதான பாத்துக்கணும். என்னைக் கேட்டா வாங்குன?"

ஆத்தாவுக்குப் பயப்படுகிற மனுஷன் ஒரு நாள் லீவு போட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டியதுதானே? விடிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு லோடு ஏற்றப் போய்விட்டார். பிள்ளைக்கு அம்மை வந்தால் தாய் வேலையை நிறுத்த வேண்டும். தகப்பன் வேலை மட்டும் நடக்கலாம். இந்தச் சட்டத்தை எந்த ஆத்தா போட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்தக் கோபம் நியாயமான கோபம். நியாயமான கோபத்தோடு நான் செய்ததுதான் அநியாயம். அவர் தலை மறைந்ததும் வாசலில் இருந்த வேப்பிலையை எடுத்துப் பின்வாசலில் செருகினேன். சின்னவனைச் சமையலறையை ஒட்டிய அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒன்பது வயதுப் பெரியவளைக் கூப்பிட்டு, "தம்பிக்கு இன்னான்னு கேட்டா வேனல்கட்டின்னு சொல்லு" என்றேன். லீவில் இருந்த பிள்ளை, தம்பிக்கு விசிறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலம் அவர் வருவதற்குள் வேப்பிலை முன்வாசலுக்குத் திரும்பிவிடும். தினம் இரண்டு தடவை அந்தக் கொத்தை நான் குடிமாற்றினேன்.

பெண்கள் வழக்கம்போல வந்தார்கள், மெஷின் ஓடியது. முதல் நாள் மத்தியானம் ராணி குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உடம்பு தைத்து முடித்த சட்டைகள் காலருக்காகக் குவிந்து கிடந்தன. நான் உட்கார்ந்து வைத்த காலரை நானே பிரித்தேன். ராத்திரி முழுக்கப் பிள்ளையோடு விழித்துவிட்டுப் பகலில் காலர் வைத்தால் அது எப்படி நேராக நிற்கும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. கன்னியம்மா கிளம்பும்போது கூப்பிட்டு, "உன் தெருக்காரிதான? அவகிட்ட சொல்லிடு. தல போற நேரத்துல காலை வாரிட்டா. இனிமே அவ வர வேணாம்" என்றேன்.

கன்னியம்மா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "நெஜமாத்தான் சொல்றீங்களாக்கா?" என்றாள்.

"நெஜமாத்தான். போய்ச் சொல்லு."

"சரி, சொல்லிடறேன்" என்று போய்விட்டாள். ஒரு தடவைதான் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் நான் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. நெருக்கடியில் ஒருத்தி நிதானமாக உங்களிடம் 'நிஜமாகவா' என்று கேட்டால், அவளுக்கு உங்களைவிட ஏதோ அதிகம் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள், மற்ற மூவரும் இருக்கும்போதே மறுபடி ஆரம்பித்தேன். தூளி கட்டிக் கொடுத்தேன், அதற்கு இதுதான் நன்றி, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுப்பு இல்லை, இத்யாதி. கன்னியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவள நான்தான் வர வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

"நீயா? ஏன்?"

"உங்க ஊட்ல நாலு நாளா தாளிக்கலக்கா."

மூன்று மெஷினும் நின்றுவிட்டன. தினமும் மத்தியானம் நான் வடகம் போட்டுக் குழம்பு தாளித்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவேன். அம்மை இறங்கியிருக்கிற வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வேப்பிலையை எடுத்து ஒளித்தவளுக்கு, ஆத்தாளை மீறி எண்ணெயில் கடுகைப் போடத் தைரியம் வரவில்லை. சமைக்க நேரமில்லை என்று சொல்லிக் கூழும் தயிருமாக ஓட்டினேன். ஆத்தாளிடம் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த நான்கு மனுஷிகளை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

"மொத நாளே தெரிஞ்சு போச்சு" என்றாள் கன்னியம்மா. "எனக்கு எட்டு வயசுலயே வார்த்தாச்சு. இவங்க ரெண்டு பேரையும் கேட்டேன், இவங்களுக்கும் வார்த்தாச்சு. அதனால உக்காந்துட்டோம். ராணிக்கு வார்த்ததே இல்ல. கையில புள்ள வேற. அதான் அனுப்புனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தோம்."

இதைக் கேட்டதும் நான் வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. முதலில் வந்தது கோபம். என் வீட்டில் உட்கார்ந்து என்னையே நான்கு நாள் வேவு பார்த்தார்களே என்று. அது தணிய அரை நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் உறைத்தது. யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று முதலாளி செய்ய வேண்டிய கணக்கை அவள் செய்திருக்கிறாள். அந்த நான்கு நாளும் யூனிட்டை நடத்தியவள் கன்னியம்மா. நான் வேப்பிலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் வேலையை நிறுத்தினேன். வேப்பிலையை முன்வாசலிலேயே விட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸைக் கேட்டேன். கொப்புளம் காய்ந்து பொருக்கு விழும்வரை புதியவர்கள் யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், தைத்ததையெல்லாம் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்கள் என்றார். ஐந்து நிமிடப் பேச்சு. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.

அங்கிருந்தே பஸ் பிடித்துத் தாளாளரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க? நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியலைன்னா பிரச்சனையே இல்ல. தேதிக்கு டிரெஸ் வந்துடணும், அவ்ளோதான். வெளிய மூச்சு விடாதீங்க."

எனக்கு உடம்பு எரிந்தது. நூற்று அறுபது பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தருகிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் பேசியது என்னுடைய பேச்சு. நான்கு நாளாக நான் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"ஒரு வாரம் தள்ளித்தான் தருவேன் சார்" என்றேன். "புள்ளைக்கு மூணு தண்ணி ஊத்தணும். தச்சத எல்லாம் தொவச்சுக் காய வச்சு அயர்ன் பண்ணணும். அதுவரைக்கும் பசங்க கலர் டிரெஸ்ல வரட்டும்."

"அப்ப ஆர்டர வேற எடத்துல குடுத்துடுவேன்."

"குடுங்க. ஆனா பெத்தவங்க யாராவது வந்து கேட்டா இன்னா நடந்துச்சுன்னு நான் சொல்லிடுவேன்."

இதைத் தைரியம் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்தில் நூற்று அறுபது செட் தைத்துத்தர அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அது அவருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். 2006-இல் அந்த ஆர்டர் திண்டிவனத்துக் கடை ஒன்றுக்குப் போய்விட்டது. போகட்டும்.

சின்னவனுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்த அன்று மத்தியானம் குழம்பு தாளித்தேன். வடகம் எண்ணெயில் விழுந்ததும் கன்னியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப வெட்டப் போனாள். தைத்ததையெல்லாம் துவைத்து, கொல்லையில் கயிறு கயிறாகக் கட்டிக் காயப் போட்டோம். காலர்களை நானும் கன்னியம்மாவுமாக வைத்தோம். சுமார்தான். சொன்னபடி ஒரு வாரம் தள்ளிக் கொடுத்து முடித்தோம். யூனிட் நிலைத்து நின்றது. இன்று நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிற இடம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

அதற்குப் பிறகுதான் ராணி வீட்டுக்குப் போனேன். வரிசையைப் பாருங்கள். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தாளாளர், அப்புறம் நூற்று அறுபது செட், கடைசியில் ராணி. அவள் வீடு அளத்துக்குப் போகிற வண்டிப்பாதையில் இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"புள்ள நல்லா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது. தெனம் காலையில எழுந்ததும் துணியக் கழட்டி, தலையிலேருந்து கால் வரைக்கும் பாக்கறேன். இன்னைக்கும் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"தெரியாம பேசிட்டேன் ராணி. கன்னியம்மா சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது. நீ வேலைக்கு வந்துடு."

"வேணாம்னு சொல்லி அனுப்புனீங்களே, அதுக்கெல்லாம் கோவம் இல்லக்கா. அவசரத்துல எல்லாரும் பேசுறதுதான்." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "அன்னிக்குக் காலையில இவன் அழுதான். நான் எழுந்திருக்கப் போனேன். நீ காலர முடி, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு, உங்க புள்ளையத் தொட்ட கையோட வந்து தூளிய ஆட்டுனீங்க. தூக்கி மடியில வச்சுக் கொஞ்சுனீங்க. அப்ப உங்களுக்குத் தெரியுமில்ல?"

பதிலுக்காக அவள் நிற்கவில்லை, குழந்தையோடு உள்ளே போனாள். அந்த வாரமே குழந்தையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு அளத்துக்குப் போக ஆரம்பித்தாள். என் யூனிட்டுக்கு அவள் திரும்பி வரவே இல்லை.

அந்தக் குழந்தைக்கு அம்மை வரவில்லை. வராமல் போனது என் சாமர்த்தியத்தால் இல்லை. நான் அந்தக் குழந்தையை மடியில் வைத்ததை இதில் அதற்குரிய இடத்தில் எழுதியிருக்க வேண்டும். மேலே போய்ப் பாருங்கள், முதல் நாளைப் பற்றி எழுதியிருக்கிறேன், இது அங்கே இல்லை. எழுதும்போது ஞாபகம் வந்தது, தாண்டிப் போய்விட்டேன். இத்தனை வருடம் கழித்தும், கேட்க யாருமில்லாத இடத்திலும், மறைத்துவிட்டேன். திருத்தி எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நீங்கள் அதை அப்படியே பார்க்க வேண்டும்.